டிரம்ஸில் அப்பாவின் நெஞ்சு

மார்ச் 10, 1986 – திங்கள்

மெதெயின் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இன்றுதான் எக்ஸ்ரே கிடங்கின் கடைசி அலமாரிக்கு வந்து சேர்ந்தேன். படித்தது நூலகப் படிப்பு. அடுக்குவது நெஞ்செலும்பும் முட்டியும். அம்மாவுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. என் பட்டத்தை இயேசுவின் திருஇருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். விருந்தாளி வந்தால் இரண்டையும் காட்டுகிறாள். நான் சமையலறைக்குள் போய்விடுகிறேன்.

படம் எடுக்கும் பெரியவர் தோன் ராமிரோ, வெளிச்சம் அதிகமாகிக் கருத்துப்போன பிலிம்களை ஒரு கட்டாகக் கொடுத்தார். “குப்பைக்குத்தான் போகுது மகளே. வேணும்னா எடுத்துக்க.”

“என் தம்பிக்கு வேணும்.”

“டாக்டருக்குப் படிக்கிறானா?”

“டிரம்ஸ் வாசிக்கிறான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் அளவுக்குச் சிரித்தார். அவர் இருப்பது கீழே பள்ளத்தாக்கில். கடையில் விற்கும் டிரம்ஸ் தோல் எங்கள் மலைக்கு ஏறி வருவதில்லை என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இங்கே எல்லாப் பையன்களும் எக்ஸ்ரே பிலிமைத்தான் இழுத்துக் கட்டுகிறார்கள்.

மார்ச் 16 – ஞாயிறு

இன்று முதல் முறையாக மொட்டைமாடிக்குப் போய்க் கேட்டேன். இதுவரை கீழேயிருந்து சுவர் வழியாகக் கேட்டதுதான்.

தம்பி ஃபெர்னேயின் குழுவுக்குப் பெயர் ‘கழிவுப் பஞ்சு’. மூன்றே பேர். ஃபெர்னே டிரம்ஸ். எதில்சன் கிடார் – அதன் உடம்பு ஒரு கட்டில் பலகை. பாடுவது மர்லேனி. தையல் பட்டறையில் காலர் தைப்பவள். பொதுத் தொலைபேசியிலிருந்து பிடுங்கிய காதுக்குழாயைப் பழைய ரேடியோவோடு இணைத்து அதில் பாடுகிறாள். யார் பிடுங்கியது என்று நான் கேட்கவில்லை.

பாட்டு என்று சொல்வதா? ஒரு நிமிடம் கூட இல்லை. ‘சங்கு ஊதுது எழுந்திரு, சங்கு ஊதுது படு’ – அவ்வளவுதான் வரிகள். ஆனால் அவள் அதைக் கத்தியபோது என் கை தானாக மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டது. எங்கள் தெருவில் எல்லோரும் அந்த ஆலைச் சங்குக்குத்தான் எழுந்தோம், படுத்தோம். அதைப் பாட்டாக்கலாம் என்று இருபத்து மூன்று வயது வரை எனக்குத் தோன்றவே இல்லையே. இவர்களுக்கு யார் சொல்லித் தந்தது?

முடிந்ததும் மர்லேனி என்னைப் பார்த்தாள். “என்னங்க பட்டதாரி, காதுல ரத்தம் வருதா?”

காதைத் தொட்டுப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினேன்.

மார்ச் 29 – சனி

ஃபெர்னே ஒரு கேசட் கொண்டுவந்தான். பின்லாந்துக் குழுவாம். பிரதியிலிருந்து பிரதி எடுத்து, பாதிக்கு மேல் இரைச்சல்தான். ஒரு சொல்லும் புரியவில்லை. எவ்வளவு கோபம் என்பது மட்டும் புரிந்தது. பனி நாட்டில் யாருக்கோ வந்த கோபம், மெதெயினில் எங்கள் மாடிவரை வந்திருக்கிறது.

“இது பங்க் இல்லக்கா, அதையும் தாண்டி. ஹார்ட்கோர்,” என்றான் பெருமையாக, தானே கண்டுபிடித்தது போல. பங்க் இசையையே இன்னும் வேகமாக, இன்னும் முரட்டுத்தனமாக அடிப்பதாம்.

ஏப்ரல் 20 – ஞாயிறு

டிரம்ஸ் போய்விட்டது. மாடி வெறிச்சென்று இருக்கிறது.

அது ஃபெர்னேயுடையது என்றே நினைத்திருந்தேன். இல்லையாம். ஆற்றுக்கு இந்தப் பக்கம் எங்கள் கஸ்தியாவிலும் அந்தப் பக்கம் மன்ரீக்கேயிலும் இருக்கும் குழுக்கள் அத்தனைக்கும் ஓரளவு உருப்படியான டிரம்ஸ் அது ஒன்றுதான். தோளிலும் பேருந்துக் கூரையிலுமாக மலைக்கு மலை சுற்றுகிறது. யாருக்குச் சொந்தம் என்று கேட்டேன். “சத்தத்துக்குச் சொந்தம்,” என்றான் எதில்சன்.

ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. தோல் கிழிந்த டிரம்ஸை அடுத்த ஆளிடம் கொடுக்கக் கூடாது. யார் கையில் கிழிகிறதோ அவர் தோல் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். போலீஸுக்கும் பாதிரியாருக்கும் அடங்காத இந்தப் பிள்ளைகள் இந்தச் சட்டத்தை மீறியதே இல்லையாம்.

மே 12 – திங்கள்

அப்பா மாடிப்படியின் நடுவில் உட்கார்ந்துவிட்டார். “சும்மாதான் உக்காந்தேன்,” என்றார். உதடு நீலமாக இருந்தது.

மே 19 – திங்கள்

காப்பீட்டு அலுவலகத்திலிருந்து அழைப்பு, அப்பாவின் ஓய்வூதிய மனுவுக்காக மருத்துவக் குழு முன் வரச் சொல்லி. ஜூன் 17. இதற்கு முன்னால் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள் – புகையிலையால் வந்த இருமலாம். அப்பா வாழ்நாளில் பிடித்த சுருட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆலையில் பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் பஞ்சுத் தூசிக்குள் நின்றவர்.

பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் நோய் வளர்ந்தது தெரியும் என்று தோன் ராமிரோ சொன்னார். பழையது வீட்டில் இருக்கிறது, 1978இல் எடுத்தது. பீரோவுக்குப் பின்னால். அதை வைத்துத்தான் எல்லாம். இந்த முறையும் மறுத்தால் மறுபடி கேட்க முடியாது. அப்பாவால் வேலைக்கும் போக முடியாது.

அப்பா நோயைப் பற்றிப் பேசுவதில்லை. பழைய ஆலை நண்பர்கள் எதிரே வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு நடக்கிறார். பிறகு மூலை திரும்பி நின்று இருமுகிறார்.

ஜூன் 5 – வியாழன்

படம் இல்லை.

பீரோவுக்குப் பின்னால் காலி உறைதான் இருக்கிறது. ஃபெர்னேயைக் கேட்டேன். வாயைத் திறப்பதற்கு முன்பே முகம் சொல்லிவிட்டது.

ஏப்ரலில் டிரம்ஸ் கிளம்பும் அன்று நடு டிரம் கிழிந்ததாம். மன்ரீக்கேக்காரர்கள் வாசலில் காத்து நின்றார்களாம். நான் கொண்டுவரும் கழிவுப் படங்களும் அதே பீரோவுக்குப் பின்னால்தானே இருக்கும் – கையை விட்டு ஒன்றை உருவினானாம்.

“எல்லாம் ஒரே மாதிரி கருப்பாத்தானே இருக்கு!”

“உறைக்குள்ள இருந்துச்சேடா. உறை மேல அப்பா பேர் இருந்துச்சே. படிக்கத் தெரியாதா உனக்கு?”

“அவசரத்துல பாக்கல.”

“அப்பா நெஞ்ச எடுத்து அடிச்சிருக்கியேடா பாவி…”

அழுதான். பத்தொன்பது வயது, ஆணி வைத்த தோல் பட்டை, சோப்புப் போட்டு நிமிர்த்திய முடி – அடுப்படியில் குந்தி உட்கார்ந்து அழுதான். நானும்தான். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்லப்போகிறோம்?

ஜூன் 8 – ஞாயிறு

டிரம்ஸைத் தேடி ஃபெர்னேயால் ஆற்றைத் தாண்டி எல்லாத் தெருவுக்கும் போக முடியாது. சில மூலைகளில் கஸ்தியாப் பையன் என்றாலே வம்பு. பெண்களை விட்டுவிடுவார்கள் என்றாள் மர்லேனி. அவளும் நானும் கிளம்பினோம்.

முதல் வீட்டில் டிரம்ஸ் இல்லை. “போன வாரமே மேல போயிருச்சு.” இரண்டாவது வீட்டில் பேஸ் கிடார் வாசிக்கும் பையன் கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். கட்டை விரலுக்குப் பதில் வெறும் தழும்பு, அச்சகத்தில் போனதாம். மீதி விரல்களுக்குத் தகுந்தபடி கம்பிகளை மாற்றிப் போட்டிருந்தான். எங்களுக்காக வாசித்துக் காட்டினான். மூன்றாவது வீட்டில் ஒரு கூட்டமே இருந்தது; தரையில் உட்கார்ந்து ஒரே ஒரு கத்தரிக்கோலை மாற்றி மாற்றிக் கேசட் உறைக்குத் தாள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பத்திரிகை எதிலும் இவர்கள் இல்லை. நூலகத்தில் இவர்களுக்கென்று ஓர் அலமாரி இல்லை. ஆனால் இந்த மலை முழுக்க ஏதோ ஒன்று முளைத்துக்கொண்டிருக்கிறது. விதை போட்டவர் யாரென்று தெரியவில்லை. நான்கு வருடம் பல்கலைக்கழகத்துக்குப் போன பேருந்து இந்தத் தெரு முனையில்தான் திரும்பும். ஒரு நாள் கூட இறங்கியதில்லையே நான்.

அங்கே ஒருவன் சொன்னான்: “டிரம்ஸ் எங்க இருக்குன்னு தேடாதீங்க, அதுபாட்டுக்கு அலையும். சனிக்கிழமை எங்க வரும்னு கேளுங்க. பெரிய நோட்டா இருக்கு.”

நோட்டா என்பது இவர்கள் எல்லோரும் கூடி வாசிக்கும் நாள். சனிக்கிழமை பதினான்காம் தேதி. செவ்வாய் மருத்துவக் குழு.

திரும்பும்போது பேருந்தில் மர்லேனி சொன்னாள்: “எங்கப்பாவும் கார்டிங்தான். இருமுவாரு. அம்மா தேன் குடுப்பாங்க.” பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜூன் 11 – புதன்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். தொலைக்காட்சியில் உலகக்கோப்பை. சத்தத்தைக் கூட்டினார்.

ஜூன் 14 – சனி

எப்படி எழுதுவது?

மன்ரீக்கேயில், பாதி கட்டி நின்றுபோன ஒரு வீட்டின் இரண்டாம் தளம். சுவரே இல்லை, வெறும் காங்கிரீட் தரையும் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும்தான். கிடங்கிலிருந்து தோன் ராமிரோ தந்த பெரிய கழிவுப் படம் ஒன்றைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தேன் – மாற்றிப் போடுவதற்கு. போனதும் சொல்லி, வாங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று திட்டம். மர்லேனியும் நானும் மூச்சு வாங்க ஏறிப் போனபோது முதல் குழு ஆரம்பித்துவிட்டது.

படிக்கட்டு டிரம்ஸ் வாசிப்பவனுக்குப் பின்னால் முடிகிறது. அதற்கு மேல் நகர இடமில்லை, அங்கேயே நின்றேன். எதிரே பள்ளத்தாக்கு, அதற்கும் அப்பால் எங்கள் மலை, அதன் மேல் இறங்கிக்கொண்டிருந்த வெயில். சாய்த்து வைத்திருந்த நடு டிரம்மின் திறந்த அடிப்பக்கம் வழியாக வெயில் உள்ளே புகுந்து, தோல் முழுக்க ஒளிர்ந்தது.

விலா எலும்புகள். ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இரண்டு நுரையீரல்கள். கீழ்ப்பாதியில் வெள்ளைத் திட்டுகள், ஒட்டிக்கொண்ட பஞ்சு போலவே. அவசரத்தில் வெட்டாமல் விட்ட மூலை வளையத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் வெள்ளை எழுத்தில் ‘ஒவிதியோ கின்தேரோ, 1978’.

குச்சி விழுந்தபோதெல்லாம் அந்த நெஞ்சு அதிர்ந்தது. அப்பாவின் நெஞ்சு. படியில் உட்கார்ந்துபோன அந்த நெஞ்சிலிருந்து இத்தனை பெரிய சத்தம் – கம்பிகள் அதிர்ந்தன, என் பற்கள் அதிர்ந்தன. நிறுத்து என்று கத்த வேண்டும். கத்தத்தான் வந்தேன். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. கோயிலில் கூட நான் இப்படி நின்றதில்லை.

முன்னால் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் மோதி ஆடிக்கொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அடிதடி. பக்கத்திலிருந்து பார்த்தால் – ஒருவன் விழுந்தான், விழுந்த நொடியில் ஐந்தாறு கை அவனைத் தூக்கியது. கைப்பிடிச் சுவரில்லாத விளிம்பில் சிலர் வாசிப்பவர்களுக்கு முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள், யாரும் விழுந்துவிடாமல் இருக்க. ஒரு பாட்டைக் கூட அவர்களால் பார்க்க முடியாது. மாற்றி மாற்றி நின்றார்கள்.

ஒரு குழு முடிந்தால் மூச்சு விடுவதற்குள் அடுத்தது. இடையில் புகுந்து பேச எனக்கு வாய் வரவில்லை. மர்லேனி இரண்டு முறை விலாவில் குத்தினாள். “போய்ச் சொல்லுங்க. அது கிழிஞ்சா அப்புறம் என்ன செய்வீங்க?” சொல்கிறேன், சொல்கிறேன் என்றேன்.

கழிவுப் பஞ்சின் முறை வந்தது. நண்பர்கள் சூழ ஃபெர்னேயையும் அழைத்து வந்திருந்தார்கள். உட்கார்ந்தவன் நடு டிரம்மைத் தொடவே இல்லை. மற்றதை எல்லாம் அடித்தான், அதை மட்டும் தாண்டித் தாண்டிப் போனான். தாளம் நொண்டியது.

“டேய், நடுவுல இருக்கறது அலங்காரத்துக்கா?” என்று யாரோ கத்தினான். “கையில வாதமா? மருந்து தேய்ச்சு விடவா?” கூட்டம் சிரித்தது. ஃபெர்னே தலை குனிந்தபடி அடித்துக்கொண்டே இருந்தான்.

மர்லேனி பாட்டை நிறுத்தினாள். தொலைபேசிக் காதுக்குழாயை என் முன்னால் நீட்டினாள். “அவங்க சொல்லுவாங்க.”

அத்தனை முகங்களும் திரும்பின. பல்கலைக்கழகத்தில் ஒரு கேள்வி கேட்டவள் இல்லை நான். காதுக்குழாயை மேல்பக்கம் கீழாகப் பிடித்திருந்தேன். மர்லேனி திருப்பிக் கொடுத்தாள்.

“இது… இந்த டிரம்மோட தோலு… எங்கப்பாவோட நெஞ்சு. அவரு கார்டிங்ல இருந்தாரு. செவ்வாக்கிழமை டாக்டருங்ககிட்ட காட்டணும். எடுத்துக்கலாமா?”

நாய் குரைப்பது கேட்டது. பிறகு சங்கிலி மாட்டிய ஒரு பெரிய ஆள் – கொஞ்சம் முன்பு ஃபெர்னேயைக் கேலி செய்தவன்தான் – முன்னால் வந்து, திருகு கழற்றும் சாவியை வாங்கி, வளையத்தின் திருகுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினான். காயத்துக் கட்டைப் பிரிப்பது போல அத்தனை மெதுவாக. படத்தை இரண்டு கையாலும் எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். குச்சி பட்டுப் பட்டு நடுவில் வெளுத்திருந்தது. கிழியவில்லை.

“எங்கப்பாவோடதும் இப்படித்தான் இருக்கு,” என்றான். “கீழ வெள்ள வெள்ளையா. சுருட்டுன்னு சொல்லி அனுப்பிட்டானுங்க. அவரு சுருட்டே பிடிக்க மாட்டாரு.”

“எங்க வீட்லயும் ஒரு படம் இருக்கு,” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“எங்க மாமாவோடது.”

“எங்கம்மாவோடது. ஸ்பின்னிங்.”

கைப்பிடிச் சுவரில்லாத அந்தத் தளத்தில் நின்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். எல்லாம் ஒரே ஆலை. சத்தம் போடத் தெரிந்த பிள்ளைகள், இதை மட்டும் இதுவரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

நான் கொண்டுபோன கழிவுப் படத்தைப் போட்டுக் கட்டினார்கள். ஃபெர்னே பழையபடி அடித்தான். மர்லேனி சங்குப் பாட்டைப் பாடினாள். இந்த முறை எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அது எவ்வளவு நன்றாக இருந்தது.

ஜூன் 15 – ஞாயிறு

நேற்று பேசிவைத்தபடி காலையிலிருந்து வருகிறார்கள். ஆணியும் சங்கிலியுமாக, ஆளுக்கொரு மஞ்சள் உறையோடு. அம்மா முதலில் பயந்தாள். பிறகு சோளரொட்டி சுட ஆரம்பித்தாள். ஒருவனிடம், “இந்த முடிய வச்சுக்கிட்டு எப்படிப்பா தலகாணில படுக்கற?” என்று கேட்டாள். “குப்புறத்தான்மா,” என்றான்.

படங்களை வருட வாரியாகப் பிரித்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினேன். எனக்குத் தெரிந்தது அடுக்குவது ஒன்றுதான். அடுக்கி முடித்துப் பின்னால் வந்து பார்த்தேன். வெவ்வேறு ஆட்கள். ஒரே பனி. வருடத்துக்கு வருடம் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே போகிறது.

அப்பா அறையை விட்டு வெளியே வந்தார். ஜன்னலையே பார்த்தார். உறைகளிலிருந்த பெயர்களைப் படித்தார். “இது என்கூட நின்ன ஆல்வேரா? இவனுக்குமா?” என்றார். நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

ஜூன் 17 – செவ்வாய்

அப்பாவோடு உள்ளே போக எனக்கு மட்டும்தான் அனுமதி. வெளியே தாழ்வாரத்தில் எங்களோடு வந்த மற்ற அப்பாக்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகளைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்தவர் 1978 படத்தைச் சுவர் நீளத்துக்கு இருந்த விளக்குப் பெட்டியில், புதுப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “என்ன இது, இத்தனை வடு? இத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.”

“என் மகன் டிரம்ஸ் வாசிச்சான்,” என்றார் அப்பா. வேறு விளக்கம் சொல்லவில்லை.

இடப்பக்கம் இருந்தவர் சிரித்தார். நடு டாக்டர் சிரிக்கவில்லை. படத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். அதோடு முடிந்தது என்று அர்த்தம். நான் வாங்கவில்லை. பையைத் திறந்து, மற்றப் படங்களை ஒவ்வொன்றாக விளக்குப் பெட்டியில் செருகினேன். அவசரத்தில் இரண்டு கீழே விழுந்தன. ஒருவரும் தடுக்கவில்லை, ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

டாக்டர் பக்கத்தில் வந்தார். முதலிலிருந்து கடைசிவரை நடந்தார். திரும்பி நடந்தார்.

“இவங்கள்லாம் ஒரே குடும்பமா?”

“இல்ல டாக்டர்,” என்றேன். “ஒரே ஷிப்டு.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கதவைத் திறந்து தாழ்வாரத்தைப் பார்த்தார். பிறகு, “எல்லாரையும் உள்ள வரச் சொல்லுங்க,” என்றார்.

ஜூலை 6 – ஞாயிறு

நேற்று போப்பாண்டவர் வந்து போனார். அம்மா தூரத்திலிருந்து வெள்ளையாக எதையோ பார்த்திருக்கிறாள். அவர்தான் என்கிறாள். மருத்துவக் குழுவின் முடிவு இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 22 – வெள்ளி

வந்துவிட்டது. அப்பாவுக்கு ‘ஆலை வேலையால் வந்த நோய்’ என்றே எழுதியிருக்கிறார்கள். ஓய்வூதியம் உண்டு. அப்பா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். புகையிலை என்ற சொல் எங்கும் இல்லை என்று உறுதியானதும் கேட்பதை நிறுத்தினார்.

எல்லோருக்கும் இல்லை. மர்லேனியின் அப்பாவைத் திரும்பவும் வரச் சொல்லியிருக்கிறார்கள். சங்கிலி மாட்டிய அந்தப் பெரிய ஆளின் அப்பா ஜூலை கடைசியில் போய்விட்டார். அடக்கத்தன்று டிரம்ஸ் எந்த மலையிலும் ஒலிக்கவில்லை என்றான் ஃபெர்னே. யாரும் சொல்லி வைத்ததில்லையாம்.

அக்டோபர் 4 – சனி

கேசட் பதிவு செய்தார்கள். ஒரே டேக். நடுவில் அம்மாவின் குக்கர் விசில் விழுந்திருக்கிறது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

நவம்பர் 23 – ஞாயிறு

காலையில் கதவு தட்டும் சத்தம். முன்பின் தெரியாத ஒருவர், அறுபது வயதிருக்கும், கையில் மஞ்சள் உறை. பக்கத்தில் ஓர் இளைஞன் – காதில் ஊக்கு, கையில் துண்டில் சுற்றிய, டிரம்ஸோடு சேர்த்து அடிக்கும் வெண்கலத் தட்டு. இருவரும் ஒரே பேருந்தில் இறங்கியிருக்கிறார்கள்.

“நுரையீரல் பாக்குற பொண்ணு வீடு இதானேம்மா?”

“நான் பாக்கறதில்ல, ஐயா. வருஷப்படி அடுக்கித்தான் குடுப்பேன்.”

“அது போதும். அடுக்கிக் குடு.”

அப்பா உள்ளேயிருந்து வந்து, “எந்தப் பிரிவு?” என்று கேட்டார்.

“கார்டிங்.”

அப்பா பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

இளைஞன் எங்கே போவது என்று தெரியாமல் நின்றான். மாடியில் ஏற்கனவே ஆரம்பித்திருந்தார்கள். அந்தப் பெரியவர் அவனுடைய அப்பாதான்; உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டு கூரையைக் காட்டினார்.

“போடா. எனக்குக் கீழ வேலை, உனக்கு மேல வேலை.”